அம்மணிக்குப் போகிற பால்

வெயில் படாத பக்கமாகப் பார்த்து உட்கார வேண்டும் என்று நேற்றே நினைத்து வைத்திருந்தேன், காலையில் வடக்கே போகிற பஸ்ஸில் டிரைவர் பக்கம் முழுக்க வெயில் அடிக்கும், அதனால் இந்தப் பக்கம், முன்கதவுக்கு இரண்டு சீட் பின்னால், பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கீழே வைக்கக் கூடாது, கீழே இன்ஜின் சூடு ஏறும். மேலே கம்பித்தட்டில் வைத்தால் ஆடும், ஆடினால் என்ன, ஒன்றும் ஆகாது என்று ஆஸ்பத்திரி ஜெசிந்தா சிஸ்டர் சொல்லியிருக்கிறார், ஆனாலும் மடியில் இருக்கட்டும், மடியில் இருந்தால் பேண்ட் துணியைத் தாண்டி அதன் குளிர்ச்சி தொடையில் தெரிகிறது, தெரிகிற வரைக்கும் உள்ளே ஐஸ் இருக்கிறது என்று அர்த்தம். பெட்டி நான் வேலை பார்க்கிற பால் குளிரூட்டும் நிலையத்தினுடையது. சங்கங்களிலிருந்து வருகிற பாலில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிற பெட்டி, மேனேஜரிடம் கேட்டதும் புதுசாகவே ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார், எதுக்கு என்றுகூடக் கேட்கவில்லை, நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும், திருமூர்த்திக்குக் குறைமாசத்தில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, பொண்டாட்டி சுகந்தி காய்ச்சலோடு பொள்ளாச்சியில் கிடக்கிறாள் என்று. புதுப் பெட்டி என்றாலும் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி மூன்று தடவை கழுவினேன். உள்ளே ஐஸ் பாக்கெட்டுகளுக்கு நடுவில் மூடி போட்ட சின்னச் சின்னப் பாட்டில்கள், நேற்றுச் சாயந்திரத்திலிருந்து சுகந்தி எடுத்த தாய்ப்பால், எல்லாம் சேர்த்தால் ஒரு காப்பி டம்ளர் வராது. நிலையத்தில் கேனைக் கவிழ்க்கும்போது தரையில் சிந்துவது இதைவிட அதிகம், அதை ஓஸ் பைப் வைத்து அடித்துவிட்டு அடுத்த கேனைத் திறந்துகொண்டே போவேன், எத்தனை வருஷமாக அடித்து விட்டிருக்கிறேன், அந்தத் தரையும் இந்தப் பெட்டியும் ஒரே ஆளின் கையில் என்பதை யோசித்தால் தலை சுற்றுகிற மாதிரி இருக்கிறது, வேண்டாம், கண்டக்டர் வருகிறார், ஒரு உக்கடம் என்று டிக்கெட் வாங்கிக்கொண்டேன், அவர் பெட்டியைப் பார்த்தார், லக்கேஜா என்று கேட்க வாயெடுத்தவர் என்னவோ கேட்காமல் போய்விட்டார்.

பாலைப் பற்றி எனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். மூடியைத் திறந்ததும் மூக்கு சொல்லிவிடும், மாடு புளிச்ச தீவனம் தின்றதா, கேன் சரியாகக் காயவில்லையா, நேற்றுப் பாலைக் கலந்திருக்கிறார்களா என்று, அதற்குப் பிறகுதான் லாக்டோமீட்டரும் மெஷினும். கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு போக மிச்சமிருக்கிற சத்து எவ்வளவு, அவ்வளவுதான் பால், அந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் பாலையே தெரிந்துகொண்டதாக ஒரு நினைப்பு. கன்று போட்ட புதிதில் கறக்கிற சீம்பால் கலந்து வந்தால் சோதனைக் குழாயில் ஊற்றிச் சூடு காட்டியதும் திரிந்துபோகும், திரிந்தால் அந்தக் கேனையே திருப்பி அனுப்ப வேண்டும், எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், இது ஆகாதுங்க, கொண்டு போங்க. அம்மணி, குழந்தையை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறோம், அவள் பிறந்த மறுநாள் ஜெசிந்தா சிஸ்டர் ஊசி போடுகிற குழாயில் கொஞ்சம்போல மஞ்சளாக எதையோ வைத்துக்கொண்டு வந்தார், சுகந்தியிடமிருந்து இவ்வளவுதான் வந்தது, ஆனால் இதுதான் இருக்கிறதிலேயே பெரிய சொத்து என்றார், சீம்பாலுங்களா என்று கேட்டேன், ஆமாம் என்றார். அதைப் பஞ்சில் தொட்டு அவள் கன்னத்துக்குள்ளே தடவினார்கள், விழுங்கக்கூடத் தெரியாத வாய்க்கு அது போதும் என்றார்கள். நான் திருப்பி அனுப்பின அத்தனை கேனும் அன்றைக்கு வரிசையாக என் முன்னால் வந்து நின்ற மாதிரி இருந்தது. அப்புறம் இன்னொன்று, பாலில் உயிருள்ள செல்கள் அதிகமாக இருந்தால் எங்களுக்கு அது நோய்ப் பால், மாட்டுக்கு மடி வீக்கம் என்று அர்த்தம், டாக்டரை வரவழைக்கச் சொல்லுவோம். தாய்ப்பாலில் அந்தச் செல்கள் இருக்கத்தான் வேண்டுமாம், அம்மாவின் உடம்பிலிருந்து காவலுக்குப் போகிறவையாம். இதைச் சொன்னது வார்டு டாக்டர் ரெஹானா. நான் பால் நிலையத்தில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரு உற்சாகம், நின்று நிதானமாகப் பேசினார். இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிற ஒரு புரதம் இருக்கிறது, லாக்டோஃபெரின் என்று பேர், கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் பண்ணிவிடும், வைரஸ் செல்லுக்குள் நுழைகிற வழியையும் கொஞ்சம் அடைக்கும் என்றார். அப்புறம் ஒரு சர்க்கரை, அது குழந்தைக்குச் செரிக்கவே செரிக்காது என்றார். செரிக்காததை எதுக்குங்க மேடம் உடம்பு மெனக்கெட்டுச் செய்யணும் என்று கேட்டேன். அவர் சிரித்தார். “கிருமி உள்ள வந்ததும் ஒட்டிக்கறதுக்கு ஒரு எடம் தேடும். அந்த எடம் மாதிரியே இந்தச் சர்க்கரை இருக்கும். ஏமாந்து இதுல ஒட்டிக்கிட்டு அப்படியே வெளிய போயிரும். எல்லாக் கிருமியும் ஏமாறாதுங்க. கொஞ்சம் ஏமாந்தாலும் நமக்கு லாபந்தான்.” அன்று பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க அந்தச் சர்க்கரையையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் மெஷினில் வைத்தால் அதையும் சத்து என்ற ஒரே எண்ணுக்குள் போட்டுக் காட்டிவிடும், அதன் வேலை என்ன என்று சொல்லாது. சுகந்தி சாம்பாரில் உப்புப் பார்க்காமல் இறக்கி வைக்கிறவள், சாவியை எங்கே வைத்தேன் என்று தினம் தேடுகிறவள், அவள் உடம்புக்கு இவ்வளவு சூட்சுமம் எங்கிருந்து வந்தது.

மறுநாள் போய் அவளிடம் இதைச் சொன்னேன். அப்போது அவள் ஆஸ்பத்திரியிலேயே தாய்மார்கள் தங்கும் அறையில் இருந்தாள், காய்ச்சல் வரவில்லை. கேட்டுவிட்டு, அப்ப நா உங்களவிடப் பெரிய டெக்னீசியன்னு சொல்லுங்க என்றாள். நாலு நாள் கழித்து உடம்பு கொதித்தது, இருமல், ஃப்ளூ என்று சொன்னார்கள், அந்த அறையில் இருக்கக் கூடாது, சுற்றிலும் மற்றக் குழந்தைகளின் அம்மாக்கள், உடனே வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். வரும் வழியெல்லாம் காரில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள், என் மேல் மூச்சுப் படக் கூடாதாம். மாமியார் வந்து கூட இருக்கிறார், நான் ஹாலில் படுக்கிறேன், சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுத் தட்டினால் எடுத்துக்கொள்வாள். முதல் நாள் பால் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கதவுக்கு உள்ளிருந்து கேட்டாள், “எனக்குள்ள இருக்கற காச்சலையும் சேத்துப் பிழிஞ்சு அவளுக்குக் குடுக்கறதா மாமா?” போனில் ஜெசிந்தா சிஸ்டரைப் பிடித்துக் கொடுத்தேன். காய்ச்சல் மூச்சில் போகும், எச்சிலில் போகும், கையில் ஒட்டிக்கொண்டு போகும், இந்தக் காய்ச்சல் பாலில் போகாது, பாலில் போகிறது அதை எதிர்க்கிறதுக்கு உங்கள் உடம்பு தயார் பண்ணுகிறதுதான், கையை நன்றாகக் கழுவி மாஸ்க் போட்டுக்கொண்டு எடுத்துக் கொடுங்கள் என்று அவர் சொன்னதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். அதிலிருந்து நேரம் தவறாமல் எடுக்கிறாள். இன்றைக்குக் காலையில் கதவிடுக்கில் பார்த்தேன், காய்ச்சலில் கண் சிவந்து, மாஸ்க் மேல் இன்னொரு துண்டையும் சுற்றிக்கொண்டு, பம்ப் மெஷினின் சத்தத்துக்கு ஏற்ற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, அப்படியே போய்க் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது, இரண்டும் முடியாது. பாட்டிலை வெளியே வைத்துவிட்டுச் சொன்னாள், இன்னைக்கு மறந்துறாதீங்க, பட்டன் வெச்ச சட்டையப் போட்டுட்டுப் போங்க. மறப்பேனா. இன்றைக்குத்தான் அந்த நாள். இவளுக்குக் காய்ச்சல் வந்ததிலிருந்து என்னையும் வார்டுக்குள் விடவில்லை, உங்களுக்கும் வருகிறதா என்று பார்க்க வேண்டும், பாலைக் கதவிலேயே கொடுத்துவிட்டுப் போங்கள், சனிக்கிழமை வரைக்கும் ஒன்றும் இல்லையென்றால் உள்ளே வரலாம் என்றார்கள். உள்ளே வந்தால் சும்மா பார்க்கிறது மட்டும் இல்லை. சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டுக் குழந்தையை வெறும் நெஞ்சோடு போட்டுத் துணியால் கட்டிவிடுவார்கள், கங்காரு என்று அதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள், அம்மா இல்லையென்றால் அப்பா போட்டுக்கொள்ளலாம், அந்தச் சூட்டிலேயே எடை கூடுமாம், மூச்சு சீராகுமாம். நான் இதுவரைக்கும் அவளைத் தொட்டதே இல்லை. விரலைக்கூட. சுகந்தி ஒருமுறை அந்தக் கண்ணாடிப் பெட்டியின் ஓட்டைக்குள் கையை விட்டு அவள் பாதத்தைத் தொட்டாள், அது சுகந்தியின் கட்டை விரல் நீளம்தான் இருந்தது. நீங்க ஒருத்தராச்சும் அவள நெஞ்சுல போட்டுட்டு வாங்க என்று அவள் சொன்னது காதிலேயே இருக்கிறது. குளித்து, சோப்பை இரண்டு முறை போட்டு, இந்த நீலச் சட்டை.

கிணத்துக்கடவில் பஸ் நின்றதும் ஒரு கூட்டம் ஏறியது, மலையடிவாரக் காற்று கொஞ்சம் உள்ளே வந்தது. பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள், இடுப்பில் குழந்தை, ஒன்றரை வயசு இருக்கும், நன்றாகக் கொழுகொழுவென்று, மூக்கு ஒழுகிக்கொண்டு. உட்கார்ந்ததும் இருமியது. எனக்கு உடம்பு தானாக ஜன்னல் பக்கம் ஒதுங்கியது. மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டேன். குழந்தை என் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு மூக்கைத் துடைத்த அதே கையால் அதன் மூடியைப் பிடித்தது, நான் சட்டென்று பெட்டியை இழுத்துவிட்டேன், இழுத்த வேகத்தில் அது பயந்து அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் எதாவது சொல்லியாக வேண்டும். மருந்துங்களா என்று அவளே கேட்டாள். “இல்லீங்க. பாலு. என்ற கொழந்தைக்கு. ஆஸ்பத்திரியில இருக்கா.” அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சொல்லாமலே எல்லாம் புரிந்துவிட்டது என்று அவள் கண்ணில் தெரிந்தது. சேலைத் தலைப்பை எடுத்துக் குழந்தையின் மூக்கைத் துடைத்து, அதைத் தூக்கி அந்தப் பக்கத்துத் தோளில் போட்டுக்கொண்டு, எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளிப் பாதி சீட்டில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள், இவனும் எட்டு மாசத்துல பொறந்தவனுங்க. எனக்கு அவனைத் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. அந்தத் தொடை மடிப்பு, அந்தக் கொலுசு, அந்தச் சளி. அம்மணிக்கும் ஒருநாள் சளி பிடிக்கும், இப்படியே மூக்கு ஒழுகிக்கொண்டு பஸ்ஸில் யாருடைய பொருளையாவது பிடித்து இழுப்பாள், அதுவரைக்கும் போய்விட்டால் போதும், சாதாரணமாகச் சளி பிடிக்கிற அளவுக்கு அவள் பெரியவளாகிவிட்டால் போதும். ஒத்தக்கால்மண்டபத்துக்கு முந்தின ஸ்டாப்பில் அவர்கள் இறங்கினார்கள். இறங்கும்போது அவள் குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள். நானும் ஆட்டினேன். எச்சிலை விழுங்கினேன். அப்போதுதான் அது தெரிந்தது.

தொண்டையில், உள்நாக்குக்குக் கொஞ்சம் கீழே, இடது பக்கமாக. வலி இல்லை. வலி என்று சொல்ல முடியாது. நெல் உமி ஒன்று ஒட்டிக்கொண்ட மாதிரி. இன்னொரு தடவை விழுங்கினேன், இல்லை. இன்னொரு தடவை, இருக்கிறது. தூசிதான், இந்த ரோட்டில் வேலை நடந்துகொண்டிருக்கிறது, ஜன்னல் வேறு திறந்திருக்கிறது. காலையில் மாமியார் மிளகாய் வறுத்தார், அது இன்னும் நெஞ்சில் நிற்கும். அந்தக் குழந்தை இருமியது, இல்லை, இப்போது இருமினதுக்கு இப்போதே வராது, அவ்வளவு தெரியும், வந்திருந்தால் வீட்டிலிருந்துதான் வந்திருக்கும், கதவுக்கு வெளியே வைத்த தட்டிலிருந்து, அவள் கை பட்ட பாட்டிலிலிருந்து, பாட்டிலைத் துடைத்துத்தானே வைத்தேன். வரவில்லை. எதுவும் வரவில்லை. விழுங்கு. பார், இல்லை. விழுங்குவதை நிறுத்த வேண்டும், நினைக்க நினைக்க வறண்டுபோகிறது, வறண்டால் உறுத்தத்தான் செய்யும், வேறு எதையாவது நினை. ஒத்தக்கால்மண்டபம் வந்துவிட்டது. இந்த ஊருக்கு ஏன் இந்தப் பேர் என்று சுகந்தி கல்யாணமான புதிதில் கேட்டாள், மண்டபத்துக்கு ஒரே ஒரு கால்தான் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன், நம்பிவிட்டாள், எறங்கிப் பாக்கலாம் மாமா என்று பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டாள், அவள் ஏறி இறங்கின இடமெல்லாம் இந்த ரோட்டில் எனக்கு ஒட்டிக்கொண்டே வருகிறது. அப்போது அவள் தலை என் தோளில் இருந்தது. விழுங்கினேன். இருக்கிறது. கழுத்துக்கு வெளியே கையை வைத்துப் பார்த்தேன், சூடு இல்லை, ஆனால் கை பெட்டியைப் பிடித்துப் பிடித்துக் குளிர்ந்து போயிருக்கிறது, குளிர்ந்த கையால் எதைத் தொட்டாலும் சூடாகத்தானே தெரியும், ஆனால் கழுத்து சூடாகத் தெரியவில்லை, அப்படியென்றால், இல்லை, எனக்கு எதுவும் புரியவில்லை. மூக்கைப் பார்க்கலாம், மூக்கு எனக்குப் பொய் சொல்லாது. மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கி மூச்சை இழுத்தேன், டீசல், யாரோ உரிக்கிற ஆரஞ்சு, முன் சீட்டுக்காரரின் தேங்காயெண்ணெய், எல்லாம் தெரிகிறது, சந்தோஷமாக இருந்தது, சந்தோஷம் முடிவதற்குள் உமி உறுத்தியது. மாஸ்க்கை ஏற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதை வெளியே இருப்பவர்கள் எனக்குள் வராமல் இருக்கப் போட்டுக்கொண்டேன். இப்போது நான் வெளியே போகாமல் இருக்கக் கட்டுகிறேன். அந்தக் குழந்தையிடமிருந்து பெட்டியை இழுத்தேனே, என்னிடமிருந்து யார் இழுப்பது.

சொல்லாமல் இருந்தால் என்ன. வாசலில் காய்ச்சல் பார்க்கிற கருவியை நெற்றிக்கு நேராகக் காட்டுவார்கள், அதில் ஒன்றும் வராது, இருமல் இருக்கிறதா என்று கேட்பார்கள், இல்லை, உண்மையாகவே இல்லை. தொண்டையில் உமி இருக்கிறதா என்று எவரும் கேட்கப் போவதில்லை. மாஸ்க் இருக்கும், கவுன் கொடுப்பார்கள், கையை முழங்கை வரைக்கும் கழுவச் சொல்வார்கள், இத்தனைக்கும் மேல் ஒரு உமி என்ன செய்துவிடும். அம்மணி என் நெஞ்சில் இருந்தால் நல்லது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள், எடை கூடும், மூச்சு சீராகும். எத்தனை நாளாகக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே தனியாகக் கிடக்கிறாள், யார் மேலேயும் படாமல், விளக்கு வெளிச்சத்தில். முதல் முறை பார்த்தபோது எனக்கு அவள் முகம் தெரியவில்லை, குழாயும் பிளாஸ்திரியும்தான் தெரிந்தது, நெஞ்சுக்கூடு மட்டும் அவ்வளவு வேகமாக ஏறி இறங்கியது, ஒரு கைக்குட்டைக்குள் ஏதோ ஒரு சின்ன உயிர் மாட்டிக்கொண்டு துடிக்கிற மாதிரி. அந்த நெஞ்சு. அந்த நெஞ்சுக்குள் இந்தக் காய்ச்சல் இறங்கினால். பெரிய ஆளையே படுக்க வைக்கிறது, சுகந்தி நாலு நாளாக எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். வார்டில் அம்மணி மட்டுமா இருக்கிறாள், வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெற்றவன் எங்கேயோ ஒரு பஸ்ஸில். நெஞ்சோடு நெஞ்சாக என்றால் என் மூச்சு நேராக அவள் உச்சந்தலையில்தான் விழும். ஈச்சனாரி. சுந்தராபுரம். தூசி என்றால் தண்ணீர் குடித்தால் போய்விடும், தண்ணீர் குடித்தேன். போகவில்லை. இது தூசியாகவே இருந்து, நான் சொல்லி, அவர்கள் திருப்பி அனுப்பி, சாயந்திரம் ஒன்றும் இல்லாமல் போனால், சும்மா ஒரு நாளை விட்டுவிட்டாரே என்று சுகந்தி நினைப்பாள். நினைக்கட்டும். காய்ச்சலாக இருந்து நான் சொல்லாமல் போனால் அவளுக்கு நினைக்க என்ன இருக்கும். பெட்டிக்குள்ளே அவள் இவ்வளவு காவலை வைத்து அனுப்பியிருக்கிறாள், இரும்பைப் பிடிக்கிறது, ஏமாற்றுகிற சர்க்கரை, உயிருள்ள செல்கள், அத்தனையையும் மடியில் வைத்துக்கொண்டு நானே எதிராளியையும் கூட்டிப்போய் நெஞ்சில் கட்டிவிடச் சொல்வதா. குறிச்சிக் குளத்தருகே பஸ் நெரிசலில் நின்றது. பெட்டியின் குளிர்ச்சி இன்னும் தொடையில் இருக்கிறது. சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது. விழுங்கினேன்.

உக்கடத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிப் படியேறி, வார்டு வாசலுக்கு வருகிற வரைக்கும் எது ஜெயிக்கும் என்று எனக்கே தெரியாது. ஜெசிந்தா சிஸ்டர் கதவுக்கு வந்து என் நீலச் சட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார், அப்பா இன்னைக்கு மாப்பிள்ளை மாதிரி வந்திருக்காங்க என்றார், உள்ளே யாரிடமோ துணி எடுத்து வையுங்கள் என்று சொன்னார். நெற்றிக்கு நேராகக் கருவியைக் காட்டினார். பார்த்தார். நார்மல் என்றார். பெட்டியை நீட்டினேன், வாங்கிக்கொண்டார். கைகழுவுகிற தொட்டியைக் காட்டி வாங்க என்றார். ஒரு அடி வைத்தேன் என்று நினைக்கிறேன். பிறகு என் வாய் தானாகவே பேசியது.

“சிஸ்டர், தொண்ட உறுத்துதுங்க.”

அவர் நின்றார். எப்போதிலிருந்து என்று கேட்டார். பஸ்ஸில் வரும்போதிலிருந்து, ஒரு மணி நேரம் இருக்கும், தூசியாகவும் இருக்கலாம் என்று சொன்னேன், அந்தக் கடைசி வார்த்தைகளை அவர் பிடித்துக்கொள்ள மாட்டாரா என்று ஒரு ஆசை. அவர் முகத்தில் கோபம் இல்லை. இரண்டு அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார், அவ்வளவுதான். “தூசியா இருந்தா ரொம்ப நல்லது. ஆனா இன்னைக்கு வேண்டாங்க. வீட்டுல காய்ச்சல் இருக்கு, நாம பாத்துட்டுத்தான் விடணும். நீங்க சொன்னது பெரிய உதவி.” பெரிய உதவி. பாலையும் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்று ஒரு பயம், பால் ஆகுமுங்களா என்று கேட்டேன். பாட்டிலை வெளியே துடைத்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன், பாலுக்கு ஒன்றும் இல்லை, அதுதான் இப்போது அவளுக்கு முக்கியம் என்றார். போகத் திரும்பியவர், அந்தப் பக்கத்துக் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே வந்து நில்லுங்கள், திரையை விலக்குகிறேன் என்றார்.

ஜன்னல் வராந்தாவின் கடைசியில். என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிவிடுமோ என்று தள்ளியே நின்றேன், மாஸ்க் போட்டிருக்கிறேன் என்பது மறந்துபோயிற்று. திரை விலகியது. அவள் பெட்டி இரண்டாவதாக இருந்தது. நான் கடைசியாகப் பார்த்ததைவிடப் பெரியதாகத் தெரிந்தாள், முகம் தெரிந்தது, மூக்கு சுகந்தியின் மூக்கு, அதில் சந்தேகமே இல்லை. சிஸ்டர் பாட்டில் ஒன்றை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து எடுத்து, முதலில் பஞ்சில் தொட்டு அவள் கன்னத்துக்குள் தடவினார், அவள் உதட்டைச் சப்பினாள், சப்புகிறாள், இதை யாராவது சுகந்திக்குச் சொல்ல வேண்டும், நான்தான் சொல்ல வேண்டும். அப்புறம் அவள் வயிற்றுக்குப் போகிற குழாயில் பாலை ஊற்றி உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், அது தானாக இறங்க வேண்டும், அழுத்தக் கூடாது. வெள்ளைக் கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது. என் வாழ்நாளில் எவ்வளவு பால் இறங்கிப் பார்த்திருக்கிறேன், கேனிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து டேங்கருக்கு, இவ்வளவு மெதுவாக ஒரு பால் இறங்கிப் பார்த்ததில்லை. எனக்கு வந்திருப்பது காய்ச்சல் என்றால் அது சுகந்தியிடமிருந்து வந்தது. அதே காய்ச்சலை எதிர்க்க சுகந்தி செய்ததுதான் இப்போது அந்தக் குழாயில் இறங்குகிறது. என்னிடமிருந்து இவளைக் காப்பாற்ற அவள் அனுப்பினதை நானே சுமந்துகொண்டு வந்திருக்கிறேன். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று தோன்றியது, தோன்றினாலும் கண்ணில் தண்ணீர் நின்றது, நெஞ்சில் சட்டைக்கு உள்ளே ஒரு கையகல இடம் காலியாக இருக்கிற மாதிரி இருந்தது. குழாய் காலியானதும் அம்மணி கையை ஒரு பக்கமாக விரித்தாள். தூக்கத்தில்தான். சிஸ்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் திரையை இழுத்தார்.

கீழே வந்து ஆட்கள் இல்லாத இடமாகப் பார்த்து, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து போன் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள். எப்படி இருந்தா, கனமா இருந்தாளா, அழுதாளா என்று வரிசையாகக் கேட்டாள், எனக்கு இடையில் புக வழியில்லை. சொன்னேன். தொண்டையைச் சொன்னேன், சிஸ்டரிடம் சொன்னதைச் சொன்னேன். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“நல்ல வேல பண்ணுனீங்க மாமா,” என்றாள். குரல் உடைந்திருந்தது, காய்ச்சலாலா அழுகையாலா தெரியவில்லை. “எங்கிட்டயிருந்துதான வந்திருக்கும்.”

“பின்ன, வேற யாருகிட்டயிருந்து வரும்.”

சிரித்தாள், சிரிப்பு இருமலாகி நின்றது. அம்மணி உதட்டைச் சப்பினதைச் சொன்னேன், மூக்கைச் சொன்னேன், பால் இறங்கினதைச் சொன்னேன், திரும்பச் சொல்லுங்க என்றாள், திரும்பவும் சொன்னேன், இந்தத் தடவை மெதுவாக, அது இறங்கின வேகத்திலேயே. அப்புறம் நாளைக்கு யாரிடம் கொடுத்துவிடுவது என்ற கவலை வந்தது இரண்டு பேருக்கும். டேங்கர் ஓட்டுகிற சென்னியப்பண்ணன் தினம் காலையில் கோயமுத்தூர் வருகிறார், அவரிடம் கேட்கலாம், மாட்டேன் என்று சொல்ல மாட்டார், பாட்டிலை அத்தையை விட்டுத் துடைத்துக் கொடுக்கச் சொல்லலாம் என்றேன். அவள் கேட்டாள், “பின்னால அத்தன ஆயிரம் லிட்டரு, முன்னால சீட்டுல நம்ம பாலா?” ஆமாம் என்றேன். “அவருகிட்ட ஒண்ணு சொல்லிப்போடுங்க. வழியில எதையாச்சும் ஊத்தித்தான் ஆகோணும்னா, பின்னால இருக்கறத ஊத்தச் சொல்லுங்க.” இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததும் இருமினேன், முதல் இருமல், உலர்ந்து, ஆழமாக, சந்தேகமே இல்லாமல். கேட்டுட்டேன் என்றாள். கேட்டாச்சா என்றேன். தூசி இல்லைதானே என்றாள். இல்லை என்றேன். அப்ப சீக்கிரம் வாங்க, ஹால்ல படுக்க வேண்டியதில்ல இனிமே, ரெண்டு பேரும் ஒரே ரூம்புலயே கெடக்கலாம் என்றாள்.

போனை வைத்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முதுகில் மெல்லக் குளிர் ஏறியது, நடு வெயிலில், விரல் நுனியெல்லாம் ஒரு மாதிரி சில்லிட்டது. மேல் மாடியில் வரிசையாக ஜன்னல்கள், எது அவளுடையது என்று கீழேயிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பரவாயில்லை. காய்ச்சல் இப்போதுதான் எனக்குள் வந்துகொண்டிருக்கிறது. பால் அதற்கு முன்னாலேயே அவளிடம் போய்விட்டது.